தம்புராவும் சாக்ஸபோனும்: ஜாஸ், ராக் மேடைகளில் ஒரு கர்நாடகக் குரல்

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் சாலையில், முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை ஏதேனும் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் மெல்லிசைக் கச்சேரி காதைப் பிளக்கும். கீபோர்டு, பேஸ் கிடார், ரிதம் பேட், நடுவில் மைக்கோடு ஒரு பாடகி. மறுநாள் விடியும்போது அதே மேடையோரம் ஜமுக்காளம் விரித்து நாகஸ்வரமும் தவிலும் உட்கார்ந்திருக்கும். முதல் நாள் பாடிய பெண்ணுக்குப் பெரும்பாலும் வர்ணம் வரையாவது பாட்டுப் பாடமாகியிருக்கும். பேஸ் கிடார் வாசித்தவர் ட்ரினிட்டி கிரேடு தேர்வு எழுத அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் வரை போய் வந்தவராக இருப்பார். இரு இசையும் ஒரே பந்தியில் சாப்பிடுகின்றன. ஒன்றாக வாசிப்பது மட்டும் நடப்பதில்லை.

சேர்ந்து வாசித்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டுப் பதில்கள் இருக்கின்றன. கர்நாடக சங்கீதத்தில் வளர்ந்த குரல்கள் ஜாஸ் மேடையிலும், இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் வளர்ந்த புரோகிரசிவ் ராக் மேடையிலும் நின்றிருக்கின்றன. சில இடங்களில் அந்தக் குரல் வெறும் வாசனைத் திரவியமாகத் தெளிக்கப்பட்டது. சில இடங்களில் வீட்டையே அது கட்டியது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதற்கு மிகத் தெளிவான சான்று, அம்பத்தூர் வழியாகத் தினமும் ஓடும் ரயில்கள் போய்ச் சேரும் பெங்களூரில் இருக்கிறது. அவர் பெயர் ஆர்.ஏ.ரமாமணி.

அவரிடம் போவதற்கு முன் ஒரு சொல் விளக்கம். புரோகிரசிவ் ராக்கை 'முற்போக்கு ராக்' என்று மொழிபெயர்த்தால் தமிழ் வாசகருக்கு எழுத்தாளர் சங்கமும் மேடைப்பேச்சும்தான் நினைவுக்கு வரும். இது அரசியல் முற்போக்கு அல்ல. 1960களின் கடைசியில் மூன்று நிமிடக் காதல் பாட்டு போதாது என்று நினைத்த ராக் இசைக்காரர்கள், இருபது நிமிடம் நீளும் உருப்படிகளையும் ஒற்றைப்படைத் தாளங்களையும் பல பகுதிகளாக விரியும் அமைப்பையும் தேடிப் போனார்கள். 1969-இல் வந்த கிங் கிரிம்சனின் முதல் இசைத்தட்டிலிருந்து இந்தக் கதையைத் தொடங்குவது வழக்கம். 1972-இல் ஜெனிசிஸ் குழு 'சப்பர்ஸ் ரெடி' என்ற நீண்ட உருப்படியின் ஒரு பகுதியை ஒன்பது எண்ணிக்கையில் அமைத்தது. அடுத்த ஆண்டு பிங்க் ஃபிளாய்டின் 'மணி' ஏழு எண்ணிக்கையில் வந்தது. இங்கே ஏழு என்றால் மிஸ்ர சாபு, ஒன்பது என்றால் சங்கீர்ணம். லண்டனில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததைத் திருமுல்லைவாயில் கோயில் வாசலில் தவில்காரர் தூக்கத்திலும் வாசிப்பார்.

ஜாஸ் இந்தப் பக்கம் முன்னதாகவே எட்டிப் பார்த்துவிட்டது. 1958-இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிய பயணத்தில் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு மதராஸுக்கு வந்தது. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைப் புரூபெக்கின் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ சந்தித்தது அந்தப் பயணத்தில்தான். மறுவருடம் அதே குழு ஐந்து எண்ணிக்கையில் பதிவுசெய்த 'டேக் ஃபைவ்' பின்னர் உலகப் புகழ் பெற்றது. ஒன்று மற்றொன்றால் விளைந்தது என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனாலும் கண்ட நடையில் ஊறிய ஓர் ஊரைப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் போனார்கள் என்பது கேட்க இனிமையாகவே இருக்கிறது.

தாளக் கணக்கு, ஆக, சேர்ந்து வாசிப்பதற்குப் பெரிய தடையாக என்றுமே இருந்ததில்லை. மூன்று முறை சொல்லிச் சமத்தில் வந்து விழும் கோர்வையைக் கேட்ட எந்த டிரம்ஸ்காரரும் அதை விரும்பாமல் இருந்ததில்லை. சிக்கல் சுருதியில்தான் இருக்கிறது. பியானோவும் கிடாரும் கார்டு வாசிக்கும்; மூன்று நான்கு ஸ்வரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிடும். ஜாஸில் அந்தக் கார்டு சில எண்ணிக்கைக்கு ஒரு தடவை மாறிக்கொண்டே இருக்கும். தோடியின் காந்தாரத்தைப் பாடகி அசைத்துப் பாடும்போது அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அடியில் ஒரு கார்டு வந்து அமர்ந்தால், 'இதுதான் நீ நிற்க வேண்டிய இடம்' என்று அது காந்தாரத்தைப் பிடித்து உட்கார வைக்கப் பார்க்கும். அசைவு அடங்கிய மறுகணம் தோடி போய்விடும், வெறும் அளவுகோல் மிஞ்சும். ஃப்யூஷன் கச்சேரிகளில் பாடகி திடீரென்று வெளிறிப்போனவர்போலத் தோன்றுவதன் காரணம் பலமுறை இதுதான். குரலில் கோளாறு ஒன்றும் இருக்காது.

இதற்கு இரண்டு வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒன்று, கார்டையே விட்டுவிடுவது. மற்றொன்று, கார்டைத் தம்புராவாக்குவது. ரமாமணியின் வழி முதலாவது.

டி.ஏ.எஸ்.மணி என்ற மிருதங்கக் கலைஞர் 1964-இல் பெங்களூரில் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் என்ற தாளவாத்தியப் பள்ளியைத் தொடங்கினார். அவருடைய துணைவி ரமாமணி, வாய்ப்பாட்டுக் கலைஞர், கூடவே இசையமைப்பாளர். மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங், கொன்னக்கோல் என்று லய வாத்தியங்கள் மட்டுமே கொண்ட அந்தக் குழுவின் முன் வரிசையில் ஒரே குரலாக அவர் அமர்ந்தார். பக்கவாத்தியம் என்று பின்னால் தள்ளப்படும் கலைஞர்கள் சரிபாதி உரிமையோடு உட்கார்ந்த மேடை அது. வயலின் கிடையாது, ஹார்மோனியம் கிடையாது. இந்த அமைப்பே பின்னால் நடந்ததற்கெல்லாம் அடித்தளம் என்று சொல்லலாம்.

மறுகரையிலிருந்து வந்தவர் சார்லி மாரியானோ. 1923-இல் பாஸ்டனில் பிறந்த இத்தாலிய வம்சாவளி சாக்ஸபோன் கலைஞர். 1963-இல் சார்லஸ் மிங்கஸ் பதிவுசெய்த 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி' என்ற புகழ்பெற்ற தட்டில் இவருடைய ஆல்டோ சாக்ஸபோன் அழுவதைக் கேட்கலாம். 1960களில் வேலை நிமித்தம் மலேசியாவில் இருந்தபோது நாகஸ்வரம் இவர் காதில் விழுந்தது. கேட்டதோடு விடவில்லை. தென்னிந்தியா வந்து முறையாகக் கற்றார். எழுபதுகளின் இசைத்தட்டுகளில் அதை வாசிக்கவும் செய்தார். சீவாளியை உதட்டால் அழுத்தியும் தளர்த்தியும் ஸ்வரத்தை வளைக்கும் கலை ஒருவருக்குக் கைவந்துவிட்டால், அவர் சாக்ஸபோனை எடுக்கும்போதும் அந்த உதடு அப்படியேதான் இருக்கும். ஜாருவும் கமகமும் அவருக்கு வேற்று மொழியாக இருக்கவில்லை.

இருவரையும் இணைத்த பாலம் ஜெர்மனியில் இருந்தது. மியூனிக் நகரத்தின் எம்ப்ரியோ, 1969-இல் கிறிஸ்டியன் புர்க்கார்டும் நண்பர்களும் தொடங்கிய குழு. ஜெர்மன் புரோகிரசிவ் ராக்கின் மூத்த பெயர்களில் ஒன்று. டிரம்ஸோடு வைப்ரஃபோனும் வாசித்த புர்க்கார்டுக்கு ராக், ஜாஸ், நாட்டார் இசை என்ற வேலிகளில் நம்பிக்கை இல்லை. 1970களின் தொடக்கத்திலேயே மாரியானோ இவர்களோடு வாசித்தார். 1978-இல் எம்ப்ரியோ குழுவினர் பேருந்துகளில் வாத்தியங்களை ஏற்றிக்கொண்டு துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாகவே இந்தியா வந்து சேர்ந்தார்கள். வழிநெடுக உள்ளூர்க் கலைஞர்களோடு வாசித்தார்கள். அந்தப் பயணம் ஓர் ஆவணப்படமாகவும் 'எம்ப்ரியோஸ் ரைஸ' என்ற இரட்டை இசைத்தட்டாகவும் பதிவாகியிருக்கிறது. ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் போரும் வந்து அந்தச் சாலை மூடப்படுவதற்குச் சற்று முன் கடந்துபோன கடைசி வண்டிகளில் சில அவை.

எம்ப்ரியோ, மாரியானோ, கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் மூவரும் சேர்ந்த 'லைஃப்' என்ற தட்டு 1980-இல் வந்தது. பயணம் போன கலைஞர்களில் சிலர் பிரிந்து 1981-இல் டிஸ்ஸிடென்டன் என்ற குழுவை அமைத்தபோது, முதல் தட்டான 'ஜெர்மனிஸ்தான்' (1982) முழுவதையும் பெங்களூர்க் குழுவோடு சேர்ந்தே உருவாக்கினார்கள். பம்பாயின் ஜாஸ் உலகத்தைச் சேர்ந்த லூயிஸ் பாங்க்ஸ், பிராஸ் கொன்சால்வெஸ் போன்றவர்களோடும் ரமாமணி பாடினார். ஒரு கர்நாடகப் பாடகி நான்கைந்து ஆண்டுக்குள் இத்தனை விதமான குழுக்களுக்கு நடுவில் நின்றது அந்தக் காலத்தில் மிக அரிது.

இவற்றில் மகுடம் 'ஜோதி'. 1983 பிப்ரவரியில் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் நகரில் பதிவாகி, மன்ஃப்ரெட் ஐக்கரின் ஈ.சி.எம். நிறுவனம் வெளியிட்டது. ரமாமணியின் குரலும் தம்புராவும், மாரியானோவின் சாக்ஸபோனும் புல்லாங்குழலும், மணியின் மிருதங்கமும், ஆர்.ஏ.ராஜகோபாலின் கடமும் மோர்சிங்கும், டி.என்.சசிகுமாரின் கஞ்சிராவும். ஆறு உருப்படிகள். முதல் உருப்படியின் தலைப்பே 'வாய்ஸ் சோலோ'. உலகப் புகழ் பெற்ற ஜாஸ் கலைஞரின் பெயர் முகப்பில் இருக்கும் தட்டு, அவரில்லாமல் ஒரு பெண்ணின் குரலோடு தொடங்குகிறது.

அடுத்து வருவதுதான் முக்கியம். இந்தத் தட்டில் பியானோ இல்லை, கிடார் இல்லை, பேஸ் இல்லை. கார்டு வாசிக்கக்கூடிய ஒரு வாத்தியமும் இல்லை. சுருதிக்குத் தம்புரா, தாளத்துக்கு லய வாத்தியங்கள், மேலே இரண்டு குரல்கள்; ஒன்று மனிதக் குரல், மற்றொன்று உலோகக் குழாய். மெட்டுகள் ரமாமணி அமைத்தவை. ஆகவே இங்கே மாரியானோ பாடகியை அலங்காரத்துக்கு அழைத்த விருந்தோம்புபவர் அல்ல. பாடகியின் வீட்டுக்கு வந்த விருந்தாளி. அவர் ராகத்துக்குள் வந்து அமர்கிறார். கோர்வையில் ஓர் எழுத்துப் பிசகாமல் கூடவே இறங்குகிறார். பிறகு தன் முறை வரும்போது ஜாஸ்காரருக்கே உரிய தழுதழுப்போடு, மூச்சு கலந்த ஒலியோடு தனியாகப் பேசுகிறார். ரமாமணியின் ஸ்வரக் கோவைகள் சாக்ஸபோனுக்கு வழிவிட்டு ஒதுங்குவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும் இடங்களில் யார் யாரைப் பின்பற்றுகிறார் என்று சொல்வது கடினம்.

மனோதர்மம் என்ற சொல்லுக்கு ஜாஸ் உலகத்தில் சொல்லப்படும் பொருளும் நம் சபாக்களில் சொல்லப்படும் பொருளும் உண்மையில் எவ்வளவு நெருக்கம் என்பதை இந்த நாற்பது சொச்ச நிமிடங்கள் காட்டுகின்றன. தமிழ்ப் பத்திரிகைகளில் இந்தத் தட்டைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. டிசம்பர் கச்சேரி விமர்சனங்களில் பந்துவராளியின் ஒரு சங்கதிக்காகப் பத்தி பத்தியாக எழுதும் நாம், பக்கத்து ஊர்ப் பாடகி உலக மேடையில் அமைத்த ஒரு முழு இசை மொழியைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம். இது சின்ன இழப்பு அல்ல. மணி 2020-இல் காலமானார். மாரியானோ 2009-இல், புர்க்கார்டு 2018-இல் போய்விட்டார்கள்.

அதே காலத்தில் எதிர்த்திசையில் போனவர் எல்.சங்கர். மதராஸில் பிறந்து இலங்கையில் வளர்ந்த இவர், வயலின் கலைஞராகவே அறியப்பட்டாலும் பாடகரும்கூட. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படித்தார். தமிழ்நாட்டு இசைக் கலைஞர்கள் பலர் பாடம் சொன்ன இடம் அது. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவை நடத்திக்கொண்டிருந்த ஜான் மெக்லாலின் அங்கேதான் டாக்டர் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்றார். அந்த வகுப்பறைத் தொடர்பிலிருந்து பிறந்தது சக்தி என்ற குழு. 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் ஒரு கல்லூரியில் நேரடியாகப் பதிவான அதன் முதல் தட்டில் மெக்லாலின், சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் ஆர்.ராகவன். பாடகர் ஒருவர் இல்லாத குழு. கவனிக்க வேண்டியது, அங்கும் டிரம்ஸ் இல்லை, பியானோ இல்லை, பேஸ் இல்லை.

சக்திக்குப் பிறகு சங்கரின் பாதை முழுக்க முழுக்க ராக்கின் நடுவே ஓடியது. 1978 அக்டோபர் 31 இரவு நியூயார்க்கில் ஃபிராங்க் ஜப்பாவின் மேடையில் பதின்மூன்று எண்ணிக்கையில் அமைந்த ஓர் உருப்படிக்கு அவர் வயலின் வாசித்தார். அரங்கத்தில் இருந்தவர்களுக்குக் கைதட்டி எண்ணக் கற்றுக்கொடுக்க ஜப்பா முதலில் சற்று நேரம் செலவிட வேண்டியிருந்தது. மயிலாப்பூர் ரசிகர்கள் தொடையில் தாளம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி நெகிழ்ச்சி தரும். அடுத்த ஆண்டு ஜப்பா தயாரிப்பில் சங்கரின் 'டச் மீ தேர்' வந்தது. 1986-இல் வெளியான 'தி எபிடெமிக்ஸ்' தட்டில் பாடகராகவே முன்னால் வந்தார். கூட வாசித்தவர்கள் கிடாரில் ஸ்டீவ் வாய், பேஸில் பிராண்ட் எக்ஸ் குழுவின் பெர்சி ஜோன்ஸ். ஜெனிசிஸின் முன்னாள் பாடகர் பீட்டர் கேப்ரியல் ஒரு திரைப்படத்துக்காக அமைத்த 'பேஷன்' (1989) தட்டில் சங்கரின் இரட்டை வயலினும் குரலும் இருக்கின்றன. ஜாஸ் பக்கம் நார்வேயின் யான் கார்பரெக்கோடு செய்த பதிவுகள் தனி.

புரோகிரசிவ் ராக்கையும் ஜாஸையும் ஒரே ஆள் இத்தனை ஆழமாகத் தொட்டதற்குத் தமிழரில் வேறு உதாரணம் தேடுவது கடினம். ஆயினும் 'எபிடெமிக்ஸ்' கேட்கும்போது ஒரு குறை உறுத்துகிறது. ஆங்கில பாப் பாட்டின் சட்டகத்துக்குள் குரல் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. 'பேஷன்' தட்டில் அதற்கு மாறாகக் குரல் பாலைவனக் காற்றாகப் படரும்; பாட்டாக அமையாது, சூழலாக நிற்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அகன்ற வெளியில், அதாவது ராகம் முழுசாக நிற்கும் வெளியில், அவருடைய வயலின் சென்ற அளவுக்குக் குரல் செல்லவில்லை.

குரல் சூழலாக்கப்படுவது பரவலான வழக்கம். 1971-இல் ஆர்னெட் கோல்மனின் 'சயின்ஸ் ஃபிக்‌ஷன்' தட்டில் பம்பாயின் ஆஷா புத்லி பாடிய இரண்டு பாட்டுகள் அந்த வழக்கத்துக்கு விலக்கு. அங்கே அவருக்கு முழு மெட்டும் முழுச் சொற்களும் கிடைத்தன. 1988-இல் திரிலோக் குர்ட்டு தன் 'உஸ்ஃப்ரெட்' தட்டில் தாயார் ஷோபா குர்ட்டுவையே பாடவைத்தார். தும்ரி உலகின் பெரிய குரல் அது. டான் செர்ரியின் டிரம்பெட்டும் ரால்ஃப் டவுனரும் பக்கத்தில். வயலினில் அதே எல்.சங்கர். மகனின் தாளத்துக்குள் தாய் பாடும்போது அங்கே விருந்தாளி என்று யாருமில்லை.

இரண்டாவது வழிக்கு, கார்டைத் தம்புராவாக்கும் வழிக்கு, வருவோம். ராக் கிடாரில் டிஸ்டார்ஷன் ஏற்றி வாசிக்கும் 'பவர் கார்டு' என்பது இரண்டே ஸ்வரம்தான்: சட்ஜமும் பஞ்சமமும். காந்தாரம் அதில் கிடையாது. ஆகவே மேலே பாடும் குரலின் காந்தாரம் எப்படி வேண்டுமானாலும் அசையலாம். அடியிலிருந்து யாரும் அதைப் பிடித்து இழுப்பதில்லை. தம்புராவின் நான்கு தந்திகளும் பெரும்பாலும் இதே இரண்டு ஸ்வரங்களைத்தான் மீட்டுகின்றன. நவநாகரிக ஜாஸ் பியானோவைவிடக் காட்டுத்தனமாக உறுமும் மெட்டல் கிடார் ராகத்துக்குப் பாதுகாப்பான இருக்கை என்பது முதலில் கேட்கும்போது நம்பக் கடினமாக இருக்கும். ஆனால் உண்மை.

பெங்களூரின் அகம் குழு நின்றது இந்த இருக்கையில். 2003-இல் தொடங்கியது, மென்பொருள், நிறுவன வேலைகளில் இருந்த இளைஞர்கள். ஏ.ஆர்.ரஹ்மான் நடுவராக இருந்த சன் டிவி இசைக்குழுப் போட்டியில் வென்றார்கள். ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாட, 2012-இல் 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்' வந்தது. கர்நாடக புரோகிரசிவ் ராக் என்ற பெயரை இந்தியாவில் பரவலாக்கியது இவர்கள்தான். சுவாதித் திருநாளின் தனாஸ்ரீ தில்லானாவை அவர்கள் வாசிக்கும்போது ஜதிகளும் டிரம்ஸும் ஒன்றையொன்று உந்தித் தள்ளும். ஆனால் இங்கும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ராக் குழுவுக்கு ஒத்திகை செய்து கட்டிய அமைப்பு தேவை. ஆறேழு பேர் ஒரே அரையடியில் திரும்ப வேண்டும். அதனால் இன்று நினைத்த ஒரு சங்கதியை இன்றே பாடிப்பார்க்கும் சுதந்திரம் பாடகருக்குக் குறைகிறது. ராக் ராகத்தைக் காக்கிறது, மனோதர்மத்தை இறுக்குகிறது. ஜாஸ் மனோதர்மத்தைத் திறந்துவிடுகிறது, ராகத்தை அசைத்துப் பார்க்கிறது. கர்நாடகப் பாடகர் எந்தக் கதவைத் தட்டினாலும் எதையோ ஒன்றை வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது.

இரண்டையும் கையோடு எடுத்துச் சென்றவர் என்று சங்கர் மகாதேவனைச் சொல்லலாம். மும்பை செம்பூரில் பிறந்த பாலக்காட்டுத் தமிழர், மென்பொருள் வேலையை விட்டுப் பாட்டுக்கு வந்தவர். 1998-இன் 'பிரெத்லெஸ்' அவரை வீடுதோறும் கொண்டுபோனது. சக்தி மறுபிறவி எடுத்து 'ரிமெம்பர் சக்தி' ஆனபோது மாண்டலின் ஸ்ரீநிவாஸ், கஞ்சிராவில் விக்குவின் மகன் செல்வகணேஷ் ஆகியோரோடு இவரும் சேர்ந்தார். இருபத்தைந்து ஆண்டுக்கு முன் பாடகர் இல்லாமல் தொடங்கிய குழுவுக்கு இப்போது குரல் கிடைத்தது. தியாகராஜரின் பங்காள ராகக் கீர்த்தனையான 'கிரிராஜ ஸுதா' 2001-இல் வந்த 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' தட்டிலும் இருக்கிறது. 2023-இன் 'திஸ் மொமென்ட்' தட்டிலும் இருக்கிறது. பின்னது 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அந்தக் கீர்த்தனையைச் சங்கர் மகாதேவன் எடுக்கும்போது மெக்லாலினின் கிடார் மிகச் சிக்கனமாகப் பேசுகிறது. வீணை கற்றவரின் அடக்கம் அதில் தெரிகிறது. ஸ்வரப் பகுதியில் குரலும் கஞ்சிராவும் வயலினும் மாறிமாறிக் கேள்வி கேட்பது ஜாஸ் மேடையின் 'ட்ரேடிங்' முறைக்கும் பொருந்தும், தனி ஆவர்த்தனத்தின் குறைப்புக்கும் பொருந்தும். விருது வந்த அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார்.

சுசீலா ராமனின் கதை வேறு வகை. லண்டனில் 1973-இல் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். வீட்டில் கர்நாடக சங்கீதம், வெளியே ராக். 2001-இல் வந்த 'சால்ட் ரெயின்' பிரிட்டனின் மெர்குரி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. தியாகராஜரின் 'நகுமோமு'வும் டிம் பக்லியின் பாட்டும் அதில் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. 2007-இன் '33 1/3' தட்டில் ஹென்ட்ரிக்ஸ், கேன், கேப்டன் பீஃப்ஹார்ட் என்று ராக்கின் கோணலான மூலைகளுக்கெல்லாம் போனார். 2011-இல் 'வேல்' என்று பெயர் வைத்து முருகனிடம் வந்தார். சபா ரசிகர்கள் இவருடைய கிருதியில் கமகம் தேய்ந்திருப்பதாகக் குறை சொல்வதுண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் பழனிப் பாதயாத்திரையில் காவடிக்காரர் போடும் கூச்சலில் உள்ள உக்கிரத்தை ராக் குரலால் சுசீலா தொட்டுவிடுகிறார். தைப்பூசத்தன்று திருவேற்காட்டிலோ பூந்தமல்லியிலோ அலகு குத்திப் போகும் ஊர்வலத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது அந்நியமாகப் படாது.

ஜாஸ் உலகம் ராகத்துக்குத் தன் பக்கமிருந்தே கதவைத் திறந்த இடம் ஒன்றுண்டு. 1959-இல் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வந்த பிறகு, கார்டு அடிக்கடி மாறாமல் ஒரே ஸ்வர வரிசையில் நீண்ட நேரம் தங்கும் போக்கு வளர்ந்தது. ஜான் கோல்ட்ரேன் அதை எல்லைவரை கொண்டுபோனார். அவர் மறைந்த பின் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் 1971-இல் வெளியிட்ட 'ஜர்னி இன் சச்சிதானந்தா' தட்டில் ஹார்ப்புக்கும் சாக்ஸபோனுக்கும் அடியில் தம்புரா ஒலிக்கிறது. அந்தச் சச்சிதானந்தர் கோவை செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். 1969-இன் வுட்ஸ்டாக் விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர். ஜாஸின் மிகப் பெரிய ஆன்மிகத் தட்டுகளில் ஒன்றின் தலைப்பில் ஒரு கொங்குநாட்டுத் துறவியின் பெயர் நிற்கிறது என்பது கோவைக்காரர்களுக்கே அதிகம் தெரியாது.

அந்தத் தம்புராவைக் கேட்டு அரை நூற்றாண்டுக்குப் பின் பதில் சொன்னவர் கணவ்யா. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். ஹரிகதையும் கோயில் பாட்டும் கேட்டுப் பழகிய குரல். 2024-இல் வந்த 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' தட்டில் எஸ்பெரான்சா ஸ்பால்டிங், ஷபாகா ஹட்சிங்ஸ், தமிழ் வம்சாவளி அமெரிக்கப் பியானோ கலைஞர் விஜய் ஐயர் என்று இன்றைய ஜாஸின் முன்னணிப் பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. ஆலிஸ் கோல்ட்ரேனின் இசையும் அதில் திரும்ப வருகிறது. இவர் குரலை உயர்த்துவதே அரிது. வேகமான ஸ்வரம் இல்லை, கோர்வை இல்லை. ரமாமணி கணக்கால் கட்டியதை இவர் மெதுவான மூச்சால் கட்டுகிறார். ஆனால் ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்று: யாரை அழைப்பது, எதைப் பாடுவது, எப்போது நிறுத்துவது என்பதைப் பாடகியே முடிவு செய்கிறார்.

குரல் எங்கே வாசனைத் திரவியமாகிறது, எங்கே வீட்டைக் கட்டுகிறது என்ற கேள்விக்கான விடை இந்த முடிவெடுக்கும் இடத்தில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. தட்டின் மெட்டைப் பாடகி அமைத்தாரா, அல்லது முடிந்த பதிவின் மேல் பத்து வினாடி ஆலாபனை கேட்டு வாங்கப்பட்டதா? இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பதிவு எப்படி இருக்கும் என்பதைக் கேட்காமலேயே பாதி ஊகித்துவிடலாம். பக்கத்தில் இருப்பவர் கற்றுக்கொண்டு வந்தாரா என்பது மீதி. மாரியானோ நாகஸ்வரம் ஊதிப் பழகினார், மெக்லாலின் வீணைப் பாடம் கேட்டார். கற்காமல் வந்தவர்களின் தட்டுகள் இன்று யாருக்கும் நினைவில்லை.

தாம்பரம் பக்கம்போலவே மேற்கிலும், பூந்தமல்லி தாண்டித் தண்டலம் வரையும் ஆவடி சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள் வரிசையாக நிற்கின்றன. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கல்சுரல்ஸ். கர்நாடகத் தனிப்பாட்டு ஒரு போட்டி, மெல்லிசை ஒரு போட்டி, வெஸ்டர்ன் பேண்டு இன்னொரு போட்டி. தனித்தனி அரங்கு, தனித்தனி நடுவர். காலையில் சிறிய அரங்கில் தம்புரா செயலியை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து வர்ணம் பாடிய மாணவி, சாயங்காலம் திறந்தவெளி மேடையில் ஏழு எண்ணிக்கையில் ஓடும் ஒரு கிடார் பகுதிக்கு எதிரே நிற்பார். டிரம்ஸ்காரப் பையன் "ஒன் டூ த்ரீ" என்று எண்ணத் தொடங்குவதற்குள் அவர் கை தொடையில் தகிட தகதிமி போட்டு முடித்திருக்கும்.